இந்தப் படத்தைப் பார்த்து மனநல மருத்துவமனைக்கு அஞ்சாதீர்கள்

மகனுக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் கழித்து அவரை அழைத்துவந்த தந்தையிடம், ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டேன். உறவினர் அனுப்பிய ஒரு படத்தைக் கைபேசியில் காட்டி, "இந்த மாதிரி இடத்துல புள்ளைய எப்படி விடுறது டாக்டர்?" என்றார். இதே அச்சத்தைச் சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்ட குடும்பங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

அது அமெரிக்க ஓவியர் ஜார்ஜ் பெல்லோஸ் 1907இல் வரைந்த ஓவியத்தை அடியொற்றி 1917இல் உருவாக்கிய கல்லச்சுப் படம், அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்சிட்டது. அவர் பிறந்த ஊரான ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்து அரசு மனநோய் மருத்துவமனையின் நடனக்கூடம் அதில் இருக்கிறது. மேலே கனத்த இருட்டு. நடுவே வேகமாக ஆடும் இணை. ஓரங்களில் தமக்குள் ஒடுங்கியவர்கள். பார்த்தவுடன் அச்சம் எழுவது இயல்புதான். ஆனால் இதிலுள்ள ஒவ்வொருவரும் தாம் அறிந்த குறிப்பிட்ட மனிதர் என்று பெல்லோஸே எழுதிவைத்திருக்கிறார். வியாழக்கிழமை இரவுகளில் அங்கே நடனம் நடக்கும், பார்வையாளர்களும் ஆடுவார்கள். பல் ஈறாலேயே கடினமான ஓடுள்ள ஹிக்கரி கொட்டையை உடைப்பேன் என்று பெருமையடித்தவர் ஒருவர். ஐந்து சென்ட் நாணயமோ மெல்லும் புகையிலையோ ஓயாமல் கடன் கேட்டவர் இன்னொருவர். ஓவியரின் கைரேகையைப் பார்த்து அவர் கிறிஸ்துவின் நேரடி வழித்தோன்றல் என்று உறுதி கூறியவர் ஒரு பெண்மணி.

அந்தப் பெண்மணியிடம் இருந்ததை, அதாவது உண்மையல்லாத ஒன்றை அசையாமல் நம்புவதை, நாங்கள் திரிபுநம்பிக்கை என்போம். அது எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தாலும், வந்தவரின் கையைப் பிடித்து நல்வாக்குச் சொல்லும் அன்பை அவரிடமிருந்து பறித்துவிடவில்லை. மனநோய் வந்தவர் முழு மனிதராக இல்லாமல் போய்விடுகிறார், அவருக்கு எதுவும் புரியாது, ஆகவே அவர் எதிரிலேயே அவரைப் பற்றி எதையும் பேசலாம் என்ற எண்ணம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. அவருக்குக் கேட்கிறது, வலிக்கிறது. யார் தன்னை அடித்தார்கள், யார் சோறு ஊட்டினார்கள் என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னும் நினைவில் நிற்கிறது. குணமாகி வருபவர்கள் எங்களிடம் சொல்வது இதைத்தான்.

படத்தின் காலத்தையும் கருதவேண்டும். குரல்கள் கேட்பது, திரிபுநம்பிக்கை போன்றவை உள்ள தீவிர மனநோய்க்கான முதல் நவீன மருந்தான குளோர்புரோமசின் பாரிஸில் நோயாளிகளுக்குத் தரப்பட்டது 1952இல்தான். அதற்கு முன் ஒருமுறை உள்ளே சென்றவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்க நேர்ந்தது. இன்று பெரும்பாலோர் புறநோயாளிகளாக வந்து, மாத்திரை வாங்கிக்கொண்டு, வேலைக்குத் திரும்புகிறார்கள்.

எனவே, தூக்கம் கெட்டு, தனக்குள் பேசிக்கொண்டு, வீட்டாரையே சந்தேகிக்கத் தொடங்கினால் அந்த வாரமே அழைத்து வாருங்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதாக இருந்தாலும் போங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். சங்கிலியால் கட்டாதீர்கள், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள். உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தால், தயவுசெய்து பார்வை நேரத்தில் வந்து அருகில் உட்காருங்கள்; எப்போது வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே மருத்துவரிடம் கேளுங்கள்.