நுரையீரல் சிறுகணு: ஒரு சொல் விளக்கம்

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் மாமி ஒருவர், விடாத இருமலுக்காக எடுத்த சீ.ரீ. ஸ்கான் அறிக்கையையும் அதனோடு கொடுக்கப்பட்ட தமிழ் விளக்கத் தாளையும் சென்ற மாதம் என்னிடம் கொண்டுவந்தார். வலது நுரையீரலின் மேற்சோணையில், அதாவது மேற்பகுதியில், 7 மில்லிமீற்றர் அளவான நொடியூல் (சிறு உருண்டை நிழல்) ஒன்று உண்டு என்பதற்கு மேல் அறிக்கையில் எதுவும் இல்லை. தமிழ்த் தாளோ, நுரையீரலில் கட்டி காணப்படுவதாகவும் அது கண்காணிப்பில் வைக்கப்படும் என்றும் அறிவித்தது. "நெஞ்சுக்குள்ள கட்டியாம் மனே. கட்டியென்டா வெட்டத்தானே வேணும்? மறுகா ஆறு மாசத்தால வரட்டாம்" என்றார் மாமி. அவருடைய கேள்வி நியாயமானது. நொடியூலுக்குக் கட்டி என்று எழுதுவதை நான் பல தாள்களில் கண்டு பொறுத்திருக்கிறேன். இம்முறை பொறுக்க இயலவில்லை.

இலத்தீனில் நோடஸ் என்றால் முடிச்சு, கணு. அதன் சிறுமைப் பெயரான நோடுலஸ் என்பதே ஆங்கிலத்தின் வழியாக நொடியூல் என வந்தது. மூலச் சொல்லில் புற்றும் இல்லை, சீழும் இல்லை.

கட்டி என்பது கெட்ட சொல்லன்று. நம்மூர் எருமைத் தயிர் கட்டியாக இருந்தால்தான் விலைபோகும். கற்கண்டும் கட்டிதான், மண்ணாங்கட்டியும் கட்டிதான். ஆனால் அதே சொல் உடலுக்குள் புகுந்தவுடன் சீழ்க்கட்டி, மூளைக்கட்டி, மார்பகக் கட்டி என்று கீறவோ அகற்றவோ வேண்டிய பொருளாகிவிடுகிறது. கதிர்ப்பட மருத்துவர்கள் 30 மில்லிமீற்றர் வரையான உருண்டை வடிவ நிழலையே நொடியூல் என்கிறார்கள். அதற்கு மேற்பட்டதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், ஏனெனில் பெரியதன் மீது அவர்களுக்குள்ள சந்தேகம் வேறு. சிறியதையே கட்டி என்று எழுதிவிட்ட மொழிபெயர்ப்பாளர் பெரியதற்கு என்ன எழுதுவார்? "பெரிய கட்டி" என்றா? மருத்துவர் கவனமாகப் போட்ட வேலியைத் தமிழ் பிடுங்கி எறிந்துவிடுகிறது. இத்தனைக்கும் இச்சிறு நிழல்களிற் பெரும்பாலானவை தீங்கற்றவை: எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு, பூஞ்சைத் தொற்றின் எச்சம், நுரையீரலுக்குள்ளேயே இருக்கும் நிணநீர்க்கணு என்று அவற்றுக்குப் பல பிறப்புகள் உண்டு. சிலவே புற்று. அந்தச் சிலவற்றைப் பிரித்தறியத்தான் மீண்டும் படம் எடுக்கிறார்கள். கட்டி என்னும் சொல் தீர்ப்பை முதலிலேயே எழுதிவிட்டு, பின்னர் ஆறு மாதம் பொறுக்கச் சொல்வதால், மருத்துவரின் நிதானம் நோயாளிக்கு அலட்சியமாகத் தெரிகிறது.

நுண்கட்டி என்று எழுதித் தப்பப் பார்ப்பவர்களும் உண்டு. நுண் என்பது கண்ணுக்குத் தெரியாததற்கு, நுணுக்குக்காட்டிக்கு உரியது; 7 மில்லிமீற்றரை அடிமட்டத்தில் அளக்கலாம். தமிழ்நாட்டில் வழங்கும் முடிச்சு இலத்தீனுக்கு மிக நெருக்கமானதுதான். இருந்தும், வாவியில் வலை வீசுகிறவர்களின் ஊரில் முடிச்சு என்பது ஒருவர் போட்டது, ஆகவே அவிழ்க்கக்கூடியது. உடலில் தானாகத் தோன்றியதற்கு அதைச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. நமது பாடநூல்களில் அவரைக் குடும்பத் தாவரங்களுக்கு வேர்ச்சிறுகணு உண்டு என்று படித்தோமே, அந்தச் சிறுகணுதான் இது. நிணநீர்க்கணு ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், கணுவுக்குச் சிறுகணு என்ற உறவும் மூலமொழியில் உள்ளபடியே நிற்கிறது. கரும்பின் கணு அதன் இயல்பான உறுப்பு, நுரையீரலில் வந்தது அப்படியல்லவே என்று நண்பர் ஒருவர் மறுத்தார். அந்த மறுப்பு கரும்புக்குப் பொருந்தும், வேருக்குப் பொருந்தாது. வேர்ச்சிறுகணு வேரோடு பிறப்பதில்லை. றைசோபியம் பற்றீரியா உள்ளே புகுந்த பிறகு அதைச் சுற்றி இழையம் திரள்வதால் உண்டாவது. காசநோய்க் கிருமியைச் சுற்றி நுரையீரல் கட்டும் அரணும் ஏறத்தாழ அவ்வாறே எழுகிறது, இங்கே விருந்தாளி வேண்டாதவர் என்பதைத் தவிர. வளவில் நின்ற கச்சான் செடி ஒன்றைப் பிடுங்கி, மண்ணை உதறி, வேரிலிருந்த மணி ஒன்றை நகத்தால் பிளந்து மாமிக்குக் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. "இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

கண்காணிப்பு என்பதும் எனக்கு உவப்பில்லை. எங்கள் மாவட்டத்தில் ஒரு தலைமுறைக்கு அச்சொல் சந்தேக நபரை நினைவூட்டுவது. தொடர் பரிசோதனை என்றால் போதும். மார்புக் கதிர்ப்பட நிபுணர்களின் அமைப்பான பிளைஷ்னர் சங்கத்தின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, 35 வயதைக் கடந்த, புற்றோ நோயெதிர்ப்புக் குறைபாடோ இல்லாத ஒருவரிடம் தற்செயலாகக் காணப்படும் தனித்த திண்மச் சிறுகணு (பின்னாலுள்ளதை முழுதாக மறைக்கும் அடர்ந்த நிழல்) 6 மில்லிமீற்றருக்குக் குறைவாகவும் ஆபத்துக் காரணிகள் குறைவாகவும் இருந்தால் வழமையான மறுபடம் தேவையில்லை. 6 முதல் 8 வரையாயின் 6 முதல் 12 மாதங்களில் மறுபடம். 8 ஐத் தாண்டினால் 3 மாதத்தில் மறுபடமோ, பெற் ஸ்கானோ (இழையத்தின் செயற்பாட்டைக் காட்டும் படம்), இழையம் எடுத்துப் பார்ப்பதோ யோசிக்கப்படும். ஆறு மாதம் என்பதன் கணக்கும் எளிது. திண்மச் சிறுகணு புற்றாக இருப்பின் அதன் கனவளவு இருமடங்காகப் பெரும்பாலும் 100 முதல் 400 நாள்கள் செல்லும். விட்டம் கால்வாசி கூடினாலே கனவளவு இரட்டித்துவிடும் என்பதால், மாமியின் 7 ஏறத்தாழ 9 ஆவதற்குள் மருத்துவர் விழித்துக்கொள்வார். நாளைக்கே எடுத்தால் படத்தில் வேறுபாடு தெரியாது.

அதே தாளின் மறுபக்கத்தில் "தரைக் கண்ணாடிக் கட்டி" என்று ஒன்றிருந்தது. இரண்டு முறை வாசித்த பிறகே விளங்கியது: ஆங்கிலத்தில் தேய்த்தல், அரைத்தல் என்னும் வினையிலிருந்து வந்த சொல்லை நிலம் என்று எடுத்திருக்கிறார்கள். குளியலறை யன்னலுக்குப் போடுவது போன்ற, தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி அது. பின்னாலுள்ள குருதிக்கலன்களை முழுதாக மறைக்காத வெளிறிய நிழலுக்கு அப்பெயர். மங்கற்கண்ணாடிச் சிறுகணு என்று எழுதியிருக்கலாம். இவ்வகை மெதுவாக வளர்வதால் 6 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால் 5 ஆண்டுகள் வரை பார்க்கிறார்கள். அதையும் தாள் சொல்லவில்லை. 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகளின் சமாதி இதே கல்லடியில்தான் இருக்கிறது. தாளை எழுதியவர் தினமும் அவ்வழியால் போய்வருபவராகவும் இருக்கக்கூடும்.