மாத்திரை போட்டும் மனசு ஏன் உடனே தெளிவதில்லை?

மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் எழுதிக் கொடுத்தால், "ஒரு வாரம் ஆச்சு, ஒண்ணும் தெரியலையே" என்று நிறுத்திவிடுகிறவர்களை வேலூர்ப் பக்கம் நிறையப் பார்க்கிறேன். குடியாத்தத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அக்கா ஒருவரும் அப்படித்தான் நிறுத்தினார். உண்மையில் மாத்திரை முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடுகிறது.

மூளையில் ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் சேதி சொல்ல, செரோடோனின் என்ற வேதிப்பொருளை இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் விடுகிறது. சேதி சேர்ந்ததும் விட்ட செல்லே அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இழுப்பது செரோடோனின் கடத்தி என்ற புரதம். அதன் மரபணு நம் 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 630 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, செல் சவ்வை 12 முறை ஊடுருவி மடிந்து நிற்கிறது. நடுவில் ஒரு குழி. செரோடோனின், சோடியம், குளோரைடு அயனிகளோடு அதில் வந்து அமர்ந்ததும் வெளிப்பக்கம் மூடும், உட்பக்கம் திறக்கும்.

மருந்தும் அதே குழிக்குத்தான் போகிறது. 98ஆவது இடத்திலுள்ள அஸ்பார்டிக் அமிலத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. காட்பாடி டவுன் பஸ்ஸில் ஒருவர் படியிலேயே நின்றால் தானியங்கிக் கதவு மூடாது, வண்டியும் கிளம்பாது. அப்படித்தான் கடத்தியும் நின்றுபோகிறது. 2016இல் எக்ஸ்-கதிர் கொண்டு இதன் வடிவத்தைப் பார்த்தபோது, குழிக்கு மேலே வாசல் பக்கம் இன்னொரு மருந்து மூலக்கூறும் இருந்தது! மேலே இருப்பது, கீழே இருப்பதைச் சீக்கிரம் வெளியேற விடுவதில்லை. ஒரே மருந்துக்கு இரண்டு இருக்கை என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.

மரபணுவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் முன்பகுதி சிலருக்குக் குட்டையாகவும் சிலருக்கு நீளமாகவும் இருக்கும். குட்டையாக இருந்தால் மனச்சோர்வு வரும் என்று பல வருடம் பேசினார்கள். 2019இல் லட்சக்கணக்கானோரின் தரவை அலசியபோது அது நிற்கவில்லை. பெண் பார்க்கப் போகும் இடத்தில் "அவங்க பரம்பரையிலேயே இருக்கு" என்று இழுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, கடத்தி முதல் நாளே நின்றுவிட்டால் தாமதம் எதற்கு? செரோடோனின் இடைவெளியில் கூடியதும், அதை உணரும் ஏற்பிகள் "போதும்" என்று சுரப்பையே குறைக்கின்றன. அந்த ஏற்பிகள் மந்தமாகச் சில வாரம் பிடிக்கும். தாமதத்துக்கு இது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. அதனால் பலருக்கு 2 முதல் 4 வாரம் கழித்தே தெளிவு தெரியும். நிறுத்துவதானாலும் டாக்டரிடம் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரக்கூடும்.