அப்ஸ்கோபல்: தமிழில் என்ன சொல்லலாம்?

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பதைத் தமிழ்நாட்டுப் பேச்சில் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். வைத்த இடத்தில்தான் வேலை செய்யும் என்ற எண்ணம் அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. சரி, கரண்டு வைக்காத இடத்திலுள்ள கட்டியும் சேர்ந்து சுருங்கினால்? அதன் பெயர்தான் அப்ஸ்கோபல் விளைவு.

1953-இல் ஆர். எச். மோல் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆக்கிய சொல் இது. 'அப்' என்பது லத்தீன் முன்னொட்டு. விலகி, அப்பால் என்று பொருள். (நம் 'அப்பால்' நினைவுக்கு வருகிறதா? ஒலி ஒற்றுமைதான், உறவு தேட வேண்டாம்.) 'ஸ்கோபோஸ்' கிரேக்கம், வில்லாளி பார்க்கும் குறி. டெலஸ்கோப்பில் இருப்பதும் இதே வேர்தான். ஆக, லத்தீன் தலையும் கிரேக்க உடலுமாக ஒரு கலப்புச் சொல்.

பெயர் வந்து அரை நூற்றாண்டு கழித்துத்தான் காரணம் தெளிவானது. 2004-இல் சாண்ட்ரா டெமாரியா, சில்வியா ஃபொர்மென்டி குழுவினர், இரண்டு கட்டிகள் உள்ள எலிகளில் ஒரு கட்டிக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கூடவே ஃப்ளிட்-3 லைகண்ட் என்ற சைட்டோகைனையும் (செல்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் புரதம்) செலுத்தினார்கள். தொடாத கட்டியின் வளர்ச்சியும் தளர்ந்தது. நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல் இல்லாத எலிகளில் அப்படி நடக்கவில்லை. அப்படியானால் தூரத்துக் கட்டியைத் தாக்கியது கதிர் அல்ல, நோயெதிர்ப்புப் படை. கதிர்பட்டுச் சாகும் செல்கள் தம் புரதங்களைச் சிந்துகின்றன. டென்ட்ரைட்டிக் செல்கள் அவற்றை எடுத்துப்போய் டி செல்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. அந்த டென்ட்ரைட்டிக் செல்களைப் பெருக்கிவிடுவதுதான் இந்தச் சைட்டோகைனின் வேலை.

சைட்டோகைன் என்ற சொல்லும் கிரேக்கம்தான்: 'கைட்டோஸ்' கலம், 'கினேசிஸ்' இயக்கம். இலங்கைப் பாடநூல்கள் செல்லைக் 'கலம்' என்றே எழுதுகின்றன. வேர்ப்பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

2015-இல் அதே ஃபொர்மென்டி குழு மனிதர்களிடம் செய்த ஆய்வு வெளியானது. நோய் பல இடங்களுக்குப் பரவிய 41 பேருக்கு, ஒரு சமயத்தில் ஓர் இடத்தில் மட்டும் 10 தவணையாக 35 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு, பிறகு இன்னோர் இடத்திலும் அதேபோல. கூடவே ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற சைட்டோகைன் ஊசி. 11 பேருக்குக் கதிர்படாத கட்டியும் சுருங்கியது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி தமிழ்ச் சொல். 'தொலைவிளைவு' என்றால் தூரம் முக்கியமாகிவிடுகிறது. பக்கத்திலேயே இருந்தாலும் கதிர்படாத கட்டி என்பதுதானே விஷயம்? 'அயல்விளைவு' நோயாளியின் காதில் 'பக்கவிளைவு' என்று விழும், வீணாகப் பயப்படுவார். 'இலக்குப்புற விளைவு' என்பது என் தேர்வு. ஸ்கோபோஸுக்கு இலக்கு, அப்-புக்குப் புறம். 'முதுகெலும்பில் கொடுத்த கதிர்வீச்சுக்கு நுரையீரல் கட்டியில் இலக்குப்புற விளைவு தெரிந்தது' என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை.