பச்சை டிக்கை நம்பிக் கணக்கை மூடாதீர்கள்

இந்த வருடத்தில் இது மூன்றாவது. ஆட்கள் வேறு, கதை ஒன்றுதான். மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினியில் பல வருடம் ஓடிய கோபால் நிரலை (கணினி மொழியின் பெயர்தான், எழுதினால் ஆள் பெயர் மாதிரிதான் இருக்கிறது, என்ன செய்ய) எடுத்து, நிரல்களின் பதிப்புகளைக் காக்கும் கிட்டில் ஏற்றியிருக்கிறார்கள். ஜிஎன்யூகோபால் கம்பைலரோடு ஒரு கன்டெய்னரில் அடைத்து, கம்பைலும் டெஸ்ட்டும் தானாக நடக்கும் பைப்லைனை ஓட விட்டிருக்கிறார்கள். பச்சை டிக் விழுந்திருக்கிறது. மூன்று வாரம் கழித்து, மாதக் கணக்கு உதைக்கிறது என்று எனக்கு அழைப்பு. எடுத்தவுடன் முதல் வாக்கியம்: "சார், கம்பைல் எல்லாம் கிளீனா ஆயிடுச்சு. எரர் ஒண்ணுகூட இல்ல."

இல்லைதான். அதுதானே பிரச்சினை.

எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது, இன்னொரு முறையும் சொல்கிறேன். கம்பைல் ஆனது என்றால் இலக்கணம் சரி என்று அர்த்தம். அவ்வளவுதான். 1959இல் பிறந்த மொழி இன்றைய லினக்ஸில் கம்பைல் ஆவதில் அதிசயம் எதுவும் இல்லை. ஜிஎன்யூகோபால் அதை சி மொழிக்கு மாற்றி, சி கம்பைலரிடம் தள்ளிவிடுகிறது. கோபாலின் தரநிலைகூட 2023இல் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. மொழியும் சாகவில்லை, கருவிகளும் இருக்கின்றன. எந்த இயந்திரத்தை மனதில் வைத்து நிரலை எழுதினார்களோ அந்த இயந்திரம்தான் கூட வரவில்லை. "டெஸ்ட்டும் பாஸ் ஆச்சே" என்பார்கள் அடுத்து. அந்த டெஸ்ட்டைத் திறந்து பார்த்தால், லேப்டாப்பில் கையால் தட்டிய நாலு வரி உள்ளீடு. அது பாஸ் ஆகாமல் என்ன செய்யும்? மெயின்ஃபிரேமிலிருந்து வந்த நிஜக் கோப்பு ஒன்றுகூட அந்தப் பைப்லைனைத் தொட்டதில்லை.

அப்படித் தொட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதை ஒரே ஓர் எண்ணை வைத்துக் காட்டுகிறேன். கோபால் எண்களைச் சுருக்கி வைக்கும் காம்ப்-3 என்கிற பேக்டு டெசிமலில் ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் குறி. பதினாறடிமான இலக்கத்தில் சி என்றால் கூட்டல் (ஏ என்றாலும் அப்படியே), டி என்றால் கழித்தல். 123.45 என்ற தொகை ஏழு இலக்கப் புலத்தில் 00 12 34 5சி என நாலு பைட்டாக உட்கார்ந்திருக்கும். தசமப் புள்ளி கோப்பில் கிடையாது, அதை நிரல்தான் நினைவு வைத்திருக்கிறது. இப்போது ஒருவர் இந்தக் கோப்பை எஃப்டிபியில் டெக்ஸ்ட் முறையில் இழுக்கிறார். அங்கே எழுத்துக் குறியீடு எப்சிடிக், இங்கே ஆஸ்கி வழி வந்த லத்தீன்-1. ஒவ்வொரு பைட்டும் ஓர் எழுத்து என்று நினைத்து மாற்றிக்கொண்டே போகிறது. எப்சிடிக்கில் 5சி என்பது நட்சத்திரக் குறி. இந்தப் பக்கம் நட்சத்திரம் 2ஏ. எப்சிடிக்கின் 037 என்ற மாற்று அட்டவணைப்படி 34 என்பது 94 ஆகிறது. கையில் கிடைப்பது 00 12 94 2ஏ. படித்துப் பாருங்கள்: 129.42.

குப்பையாக வந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். வந்தது பார்வைக்கு யோக்கியமான ஒரு தொகை. இன்னும் கேளுங்கள். அதே தொகை கழித்தலில் இருந்தால் கடைசி பைட் 5டி. அது எப்சிடிக்கில் மூடும் அடைப்புக்குறி, இங்கே 29. குறி இருக்க வேண்டிய இடத்தில் 9 நிற்கிறது. சோதனைகளை இயக்காமல் கம்பைல் செய்த ஜிஎன்யூகோபால், 'டி இல்லை, அப்போ கூட்டல்' என்று எடுத்துக்கொள்கிறது. பற்றுக்கும் வரவுக்கும் ஒரே 129.42! மெயின்ஃபிரேமாக இருந்தால் அந்த 9ஐப் பார்த்ததுமே எஸ்0சி7 (தரவு எண்ணாக இல்லை என்ற பிழை) என்று கத்திக்கொண்டு விழுந்திருக்கும். நடுராத்திரி எஸ்0சி7ஐ நான் திட்டாத திட்டு இல்லை. இப்போது மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது.

வரிசைப்படுத்தலும் இதே ரகம்தான். எப்சிடிக்கில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து, அப்புறம் எண்கள். ஆஸ்கியில் எண்கள் முதலில், பெரிய எழுத்து, கடைசியில்தான் சின்ன எழுத்து. வரிசைப்படுத்திய இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பொருத்திக்கொண்டே போகும் நிரல், ஒன்று பழைய வரிசையிலும் மற்றொன்று புதிய வரிசையிலும் வந்தால் பாதிப் பதிவுகளைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும்.

இன்னொரு பழைய மொழியான ஃபோர்ட்ரான்காரர்கள் சிரிக்க வேண்டாம். பழைய நிலைவடிவ ஃபோர்ட்ரானில் 72ஆம் நெடுவரிசைக்கு மேல் எழுதியது கணக்கிலேயே வராது. துளை அட்டைக் காலத்துச் சொத்து அது. ஓர் அணியில் எடிட்டரின் ஃபார்மேட்டர் எல்லா வரிகளையும் நாலு இடம் உள்ளே தள்ளிவிட்டது. ஒரு வரியின் கடைசியில் இருந்த 'டோட்டல்' என்ற மாறியின் ஐந்து ஆங்கில எழுத்துகளில் மூன்றுதான் 72க்குள் நின்றன. ஃபோர்ட்ரான் கோபித்துக்கொள்ளவில்லை. அறிவிக்காத பெயர் ஐ முதல் என் வரையிலான எழுத்தில் தொடங்கினால் முழு எண், மற்றதெல்லாம் மெய்யெண் என்பது அதன் பழைய வழக்கம். 'டாட்' என்று புதிதாக ஒரு மாறியை உண்டாக்கிக்கொண்டு போய்விட்டது. அதில் என்ன மதிப்பு இருந்தது? நினைவகத்தில் அப்போது என்ன கிடந்ததோ அது. பச்சை டிக் வழக்கம்போல விழுந்தது.

"இதுக்குத்தான் சார், பேசாம ஜாவாவுக்கு மாத்திடலாம்" என்பவர்களுக்கு: மாற்றுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் கோபாலில் ரவுண்டட் என்று எழுதாத இடத்தில் மிச்ச இலக்கங்கள் வெட்டப்படும், முழுமையாக்கப்படாது. அதை டபுள் என்ற மிதவைப் புள்ளி எண் வகையில் எழுதி வைத்துவிட்டுக் கடைசிக் காசு எங்கே போனது என்று என்னைத் தேடாதீர்கள். கோப்பைத் தப்பாக இழுத்தால் ஜாவாவிலும் அதே 129.42தான் வரும்.

சரி, செய்ய வேண்டியவை. தரவுக் கோப்பை பைனரியாக மட்டும் இழுங்கள். பிறகு எந்தப் புலம் எங்கே என்று சொல்லும் காப்பிபுக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புலம் புலமாக மாற்றுங்கள், எழுத்துப் புலத்துக்கு மட்டும் எழுத்து மாற்றம். கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் அந்தத் தரவை பைனரி என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வரி முடிவை மாற்றுகிறேன் பேர்வழி என்று கிட் தன் பங்குக்குக் கை வைக்கும். அதே கோப்பில் மொழியையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: கிட்ஹப்புக்கு '.எஃப்' என்ற பின்னொட்டு ஃபோர்ட்ரானாகவும் இருக்கலாம், ஃபோர்த் என்ற வேறு மொழியாகவும் இருக்கலாம், அது ஊகித்துத்தான் சொல்கிறது. எந்த மொழி எவ்வளவு என்று கிட்ஹப் காட்டும் அந்த மொழிப் பட்டையைப் பார்த்துத் திட்ட அறிக்கை எழுதிய மேலாளரைப் பற்றி இன்னொரு நாள். பழைய கோப்புகள் இருக்கும் அடைவில் தானியங்கி ஃபார்மேட்டரை அணையுங்கள். கோபாலை டீபக் வசதியோடு கம்பைல் செய்யுங்கள், எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லாவிட்டால் ஓட்டம் நிற்கட்டும். ஜிஃபோர்ட்ரானில் 'வால்' என்ற எச்சரிக்கை ஆப்ஷனைப் போட்டால் 72இல் வெட்டுப்பட்ட வரியை அதுவே காட்டிக்கொடுக்கும். இரண்டு சொல் தட்டக்கூடச் சோம்பலா?

கடைசியாக, இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். பழையதையும் புதியதையும் ஒரே நிஜ உள்ளீட்டில் ஓட்டி, வெளியீட்டை பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். ஒரு மாதக் கடைசியும் ஒரு வருடக் கடைசியும் தாண்டும்வரை பழைய இயந்திரத்தை அணைக்காதீர்கள். வருடத்துக்கு ஒரே முறை ஓடும் நிரல்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். இந்த மூன்றாவது கேஸில் அவை இன்னும் பழைய வட்டில் கிடந்தன. பைனரியாக மறுபடி இழுத்து இரண்டே நாளில் கணக்கை நேர் செய்துவிட்டோம். முதல் கேஸில், இடத்தை அடைக்கிறது என்று முதல் வாரமே அழித்திருந்தார்கள். அங்கே இன்றைக்கும் இரண்டு பேர் அச்சடித்த அறிக்கைகளைப் பார்த்துத் தொகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.