முதல் செமஸ்டரில் பயமுறுத்துவது கணக்கு இல்லை, சொல்

பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக் கணிதம் எடுக்கிறேன். கல்லூரிக்குள்ளேயே நடத்தும் இன்டர்னல் தேர்வுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தாலே மனது கனத்துவிடும். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 90-க்கு மேல் வாங்கி வந்த பிள்ளைகள் இங்கே இருபதைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

அப்படி ஒரு மாணவன். அரசுப் பள்ளி, தமிழ் வழி. ஒரு கேள்வியைத் தொடவே இல்லை. கூப்பிட்டு விசாரித்தபோது வினாத்தாளை எடுத்துக் காட்டினான். 'ஹோமோஜீனியஸ் ஃபங்ஷன்' என்ற சொற்களுக்கு அடியில் பென்சிலால் இரண்டு முறை கோடு போட்டிருந்தான். "சமபடித்தான சார்பு, ஆய்லர் தேற்றம்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "இதுவா சார்? இது எனக்குத் தெரியுமே" என்றான். நின்றபடியே பகுதி வகைக்கெழு கண்டு, முழுக் கணக்கையும் முடித்துவிட்டான். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் படித்த பாடம்தானே!

இப்படி அரசுப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அரசு நிறையவே செய்கிறது. 2021 முதல் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கல்லூரி வாசல்வரை வந்துவிடுகிறார்கள். சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் 2010-லேயே தமிழ்வழி தொடங்கப்பட்டாலும், பெரும்பாலான வகுப்புகளில் பாடம் ஆங்கிலத்தில்தான். அங்கேதான் பிள்ளை வாயடைத்துப் போகிறது.

முதல் வாரமே நோட்டின் கடைசிப் பக்கங்களில் நடுவே ஒரு கோடு போடச் சொல்கிறேன். ஒரு பக்கம் டிடர்மினன்ட், மறுபக்கம் அணிக்கோவை. ஒரு பக்கம் லிமிட், மறுபக்கம் எல்லை. பாடத்துக்கு ஐம்பது, அறுபது சொல் சேர்ந்தால் போதும், ஒரே மாதத்தில் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். முதலாண்டுப் பிள்ளைகளுக்கென்று ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வகுத்த மூன்று வார அறிமுகப் பயிற்சி இருக்கிறது. பல இடங்களில் அது மேடைப் பேச்சிலேயே கரைந்துவிடுகிறது. அதில் தினமும் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

ஒரு தாளில் தேறாமல் போனால் அதை அரியர் என்பார்கள். "அரியர் விழுந்தா அப்புறம் எழுதிக்கலாம்" என்று விடுதியில் சீனியர் அண்ணன்கள் ஆறுதல் சொல்வார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். வளாக நேர்காணலுக்கு வரும் பல நிறுவனங்கள் நிலுவை அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி எழுத்துத் தாள்களில் இன்டர்னலுக்கே நூற்றுக்கு 40 மதிப்பெண். கடைசி மாதம் விழுந்து விழுந்து படித்தாலும் கைவிட்ட இன்டர்னல் மதிப்பெண் திரும்பி வராது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை போனில் அழுதால் "போகப் போகச் சரியாயிடும்" என்று வைத்துவிடாதீர்கள். எந்தப் பாடம் புரியவில்லை என்று கேளுங்கள். வகுப்பு ஆலோசகரின் எண்ணை வாங்கி நீங்களே பேசுங்கள். படிக்காதவங்க நாம என்ன பேசுறது என்ற தயக்கமே வேண்டாம்.

சந்தேகத்தை ஆங்கிலத்தில் கேட்க வராது என்பதற்காகவே பல பிள்ளைகள் ஸ்டாஃப் ரூம் பக்கம் வருவதில்லை. தமிழிலேயே கேளுங்கள். என்ன கேட்பதென்றே தெரியாவிட்டால், புரியாத வரிக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, நோட்டோடு வாருங்கள். அது போதும்.