"ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க டாக்டர்"

போன வாரமும் ஒரு குடும்பம் இப்படியே வந்தாங்க, இதுக்கு மேல எழுதாம இருக்க முடியல. பல்லடம் பக்கம் தறி ஓட்டுறவங்க. மகன் கையில ஒரு லேப் ரிப்போர்ட், ஏதோ ஹெல்த் பேக்கேஜ்ல "மறதி நோய் ரத்த டெஸ்ட்"னு சேர்த்து நல்ல காசு வாங்கியிருக்காங்க. "நார்மல்னு வந்துருச்சுங்க, அப்பாவுக்கு ஒண்ணும் இல்லைங்களே?"ன்னு கேக்கறாரு. அப்பாவுக்கு பிபி 180க்கு மேல. மாத்திரையை நிறுத்தி பல மாசம் ஆச்சாம், ஏன்னா "நார்மல் ஆயிருச்சுங்க, அப்புறம் எதுக்குன்னு விட்டுப்போட்டோம்". மாத்திரை போட்டதாலதாங்க நார்மல் ஆச்சு!

அந்த ஐயா ஊர் பேரு, பேரன் படிக்கற ஸ்கூல், நேத்து சாப்பிட்டது எல்லாம் சரியாச் சொன்னாரு. மருமகதான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாங்க. சனிக்கிழமை ஆனா கூலி நோட்டை விரிச்சு, பேனா மூடியக் கழட்டி வெச்சுட்டு அப்படியே உக்காந்திருப்பாராம், ஆளுங்க வாசல்ல நின்னுட்டே இருப்பாங்களாம், எந்தத் தறிக்கு எத்தனை மீட்டருங்கறது நோட்டுலயே இருக்கும், ஆனா அதைப் பெருக்கி அட்வான்ஸைக் கழிச்சுக் குடுக்க எங்க ஆரம்பிக்கறதுன்னு பிடிபடாது. நடையும் காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு மெதுவாயிருச்சு. வாஸ்குலர் டிமென்ஷியா, அதாவது மூளைக்கு ரத்தம் போற குழாய்ங்க கெட்டு வர்ற மறதி நோய், பல பேருக்கு இப்படித்தாங்க ஆரம்பிக்குது. மூளையோட சின்ன ரத்தக்குழாய்ங்க கெட்டா மொதல்ல போறது யோசிக்கற வேகமும் ஒரு வேலையைத் திட்டம் போட்டுச் செய்யறதும்தான், ஞாபகம் ரொம்ப நாள் தாக்குப் பிடிக்கும்.

இப்ப அந்த ரத்த டெஸ்ட். 2025 மே மாசம் அமெரிக்காவுல மருந்துக்கும் டெஸ்ட்டுக்கும் அனுமதி குடுக்கற எஃப்டிஏங்கற அரசு அமைப்பு ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி குடுத்துச்சு, அது அல்சைமர்ங்கற வேற வகை மறதி நோய்க்கு, அதுவும் ஏற்கெனவே அறிகுறி இருக்கறவங்களுக்கு, மூளையில அமிலாய்டுங்கற புரோட்டீன் படிஞ்சிருக்கான்னு பார்க்க. ரத்தக்குழாய் கெட்டதை அது சொல்லாது. அந்த மாதிரி டெஸ்ட் நார்மல்னு வந்துட்டா வாஸ்குலர் டிமென்ஷியா இல்லைன்னு அர்த்தமே இல்லைங்க. வாஸ்குலருக்குன்னு "இருக்கு, இல்லை"ன்னு தனியாச் சொல்ற ரத்த டெஸ்ட் இன்னைக்கு எந்த லேப்லயும் கிடையாது. என்எஃப்எல்னு நரம்புல இருக்கற ஒரு புரோட்டீனை ரத்தத்துல அளக்கறாங்க, அது நரம்பு எங்க அடிபட்டாலும் ஏறும், வயசானா ஏறும், கிட்னி வேலை குறைஞ்சாலும் ஏறும். பிஎல்ஜிஎஃப்னு ஒரு புரோட்டீன் நம்பிக்கை தருது, சின்ன ரத்தக்குழாய் கெட்டா எம்ஆர்ஐ ஸ்கேன்ல தெரியற வெள்ளைத் திட்டுகளோட அதுக்குத் தொடர்பு இருக்கு, ஆனா அது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. இந்த மாதிரி டெஸ்ட்டுகளைக் கண்டுபிடிச்சு சரிபார்க்கறதுக்குன்னே அமெரிக்காவுல 2016ல மார்க்விசிட்னு ஒரு ஆராய்ச்சிக் கூட்டமைப்பைப் பல சென்டர் சேர்ந்து ஆரம்பிச்சாங்க.

ஏன் பல சென்டர், ஒரே பெரிய ஆஸ்பத்திரியில பண்ணக் கூடாதான்னு கேக்கறீங்க. ஒரு இடத்துல சரியா வந்த நம்பர் இன்னொரு இடத்துலயும் வரணும், இல்லாட்டி அதை வெச்சு வைத்தியம் பார்க்க முடியாது. நானும் இப்படிப் பல சென்டர் சேர்ந்து பண்ற ஒரு ஆய்வை ஒருங்கிணைக்கறேன், அதுல பாதி நேரம் இதுக்கேதான் போகுது. ரத்தம் எடுத்த 2 மணி நேரத்துக்குள்ள சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி, பிளாஸ்மாவைப் பிரிச்சு, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்குப் போகணும்னு எங்க விதி. டியூப் பொழுதோட வரைக்கும் டேபிள் மேல கிடந்தா, ஏறின நம்பர் மூளையால ஏறுச்சா டியூப்பால ஏறுச்சான்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது. ஸ்கேன் மெஷின் மாறினா திட்டோட அளவும் மாறித் தெரியும். பள்ளிக்கூடமே போகாத அம்முச்சிகிட்ட பேனாவைக் குடுத்து யோசிக்கற திறனைப் பார்க்கறேன்னு கடிகாரம் வரையச் சொல்லி மார்க் போட்டா அது அவங்களுக்குப் பண்ற அநியாயம். அதனாலதான் படிப்புக்கு ஏத்த மாதிரி டெஸ்ட் வேணும்னு ஒவ்வொரு மீட்டிங்லயும் சண்டை போடறேன்.

ஆனா மருந்துக்கடையிலயே கிடைக்கற பிபி மாத்திரைக்கு ஆதாரம் ஏற்கெனவே இருக்குதுங்க. ஸ்பிரிண்ட்னு ஒரு ஆய்வு, 102 இடத்துல 9361 பேர். மேல் பிரஷரை 120க்குக் கீழ கொண்டு வரப் பார்த்தவங்களுக்கு, 140க்குக் கீழ போதும்னு விட்டவங்களை விட லேசான அறிவுத்திறன் குறைபாடு, அதாவது டிமென்ஷியா அளவுக்குப் போகாத தடுமாற்றம், கிட்டத்தட்ட 19 சதவீதம் கம்மின்னு 2019ல வந்துச்சு. முழு டிமென்ஷியாவுல உறுதியான வித்தியாசம் காட்ட முடியல, அதையும் சொல்லிடறேன். உங்க அப்பாவுக்கு எந்த அளவு சரின்னு டாக்டர் சொல்லட்டும், நீங்களா மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க. சுகர் பாருங்க, பீடி சிகரெட்டை விடச் சொல்லுங்க. கணக்குல தடுமாற்றம், நடையில மாற்றம், எதுலயும் ஆர்வம் இல்லாம உக்காந்திருக்கறது, இதெல்லாம் தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க. வரும்போது கண்ணாடி, காது மெஷின், பழைய ஸ்கேன் ஃபிலிம் எல்லாம் எடுத்துட்டு வாங்க. முக்கியமா அவரோட ஒரே வீட்ல இருக்கறவங்க வரணும், பெங்களூர்ல இருந்து நேத்து ராத்திரி வந்த மகன் மட்டும் வந்தா எனக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

ஆராய்ச்சிக்கு ரத்தம் குடுக்கச் சொன்னா பயப்படாதீங்க. எங்க ஆய்வுல மருந்து எதையும் உங்க மேல சோதிக்கறது இல்ல. வேண்டாம்னு சொன்னாலும் வைத்தியத்துல ஒரு குறையும் வராது. சேர்ந்துட்டீங்கன்னா தயவு செஞ்சு அடுத்த வருசமும் வாங்க. ஒரே ஆளை வருசா வருசம் பார்த்தாத்தான் எந்த நம்பர் முன்கூட்டியே சொல்லுச்சுன்னு தெரியும். அந்தத் தேதியில நோம்பி வந்தாலோ முகூர்த்தம் வந்தாலோ முந்தின நாளே ஒரு ஃபோன் பண்ணுங்க, தேதியை மாத்திக்கலாம், வராம மட்டும் இருந்துடாதீங்க.