உடம்பை அறுக்க வேண்டாம் என்று கேட்பவர்களுக்கு

"போன உயிர் போய்விட்டது டாக்டர். உடம்பையாவது அறுக்காமல் கொடுத்துவிடுங்கள்." கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சவக்கிடங்கு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பது இதைத்தான். மறுக்கும்போது எனக்கும் நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் கூடத்தாயியை எண்ணி மறுத்துவிடுகிறேன்.

கோழிக்கோடு மாவட்டத்து ஊர் அது. 2002 முதல் 2016 வரை ஒரே உறவு வட்டத்தில் ஆறு சாவுகள்: ஒரு மருமகளின் மாமியார், மாமனார், கணவர், கணவரின் தாய்மாமன், ஒரு சின்னக் குழந்தை, அதன் தாய். நெஞ்சுவலி, தொண்டையில் உணவு சிக்கியது, வலிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. பதினான்கு ஆண்டுகளில் சிதறிக் கிடந்ததால் ஆறையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

2011இல் இறந்த கணவருக்கு மட்டும் பிரேதப் பரிசோதனை நடந்தது. தாய்மாமன் விடாப்பிடியாக நின்றதே காரணம். சயனைடு தெரிந்தது, இருந்தும் தற்கொலை என்று முடித்துவிட்டார்கள். கணவரின் சகோதரர் கொடுத்த புகாருக்குப் பின் 2019 அக்டோபர் 4 அன்று கல்லறைகள் திறக்கப்பட்டன. மறுநாள் அந்த மருமகள் கைதானார். குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். நான் பேச வந்தது அதன் பிறகு நடந்ததைப் பற்றி.

தோண்டியெடுத்த நால்வரின் எச்சங்களில் சயனைடு இல்லை என்று 2023இல் ஆய்வக அறிக்கை வந்தது. இதில் எனக்கு வியப்பில்லை. சயனைடு சிதைந்து மறையக்கூடிய நஞ்சு. ஆண்டுகள் கடந்தால் மண்ணுக்குள் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். சாவு நடந்த கையோடு எடுத்து வைத்த இரைப்பையும் கல்லீரலும் இரத்தமும்தான் பேசும். எரித்துவிட்டால் தோண்டவும் ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே, நன்றாக இருந்தவர் சாப்பிட்டதும் குடித்ததும் சரிந்தால், அதே வீட்டில் முன்பும் திடீர்ச் சாவு நடந்திருந்தால், தயங்காமல் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். அறுத்த உடலைத் தைத்துத்தான் தருகிறோம். குளிப்பாட்டலாம், புதுத்துணி உடுத்தலாம், முகம் பார்க்கலாம். பிறகு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இரசாயன ஆய்வு முடிவு வர மாதங்கள் ஆகலாம், விடாமல் விசாரியுங்கள். கையில் அறிக்கை இருந்தும் கோப்பு மூடப்படலாம் என்பதைத்தான் 2011 காட்டியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தென்னந்தோப்புக்காரர் காலைக் காபி குடித்ததும் விழுந்து இறந்தார். காபி கொடுத்த மருமகளை ஊரே பேசியது. பரிசோதனை வேண்டாம் என்று மகன் மன்றாடினார். அறுத்துப் பார்த்தபோது இதயத் தமனி முழுவதும் அடைத்திருந்தது. ஆய்வகமும் நஞ்சில்லை என்றது. முடிவைச் சொன்ன அன்று அந்தப் பெண் என் அறையிலேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.